குழந்தைகள் புத்தகக் கடையில் எழுத்தாளர் சந்திப்பு: இடம், செலவு, தேதி, ஏற்பாடு (டெல்டா மாவட்டங்கள்)

குடந்தைத் திண்ணை
கும்பகோணத்தில் சிறுவர் நூல்களுக்கு மட்டுமான கடை. உள்ளே 20க்கு 15 அடி, முன்னால் தெருவைப் பார்த்த திண்ணை. வாரம் ஒரு கதைநேரம், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எழுத்தாளர் சந்திப்பு என்று திட்டம். எத்தனை பிள்ளைகளை உட்கார வைக்கலாம், செலவு என்ன ஆகும், புத்தகம் எத்தனை வரவழைப்பது, எந்த மாதங்களைத் தவிர்ப்பது? சென்னைக் கடைகளின் வழக்கம் இங்கே அப்படியே பொருந்தாது. நம் பக்கம் நடத்திய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மன்னை நூல்வண்டி
வாழ்த்துகள். இடம், செலவு எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. எழுத்தாளர் வந்து பேசும் ஒன்றரை மணி நேரம் கடைசி வேலைதான். அதற்கு முந்தைய நான்கு வாரத்தில் பிள்ளைகள் அவருடைய ஒரு புத்தகத்தையாவது படித்திருக்க வேண்டும், இல்லையென்றால் யாராவது வாசித்துக் கேட்டிருக்க வேண்டும். படிக்காத பிள்ளைகள் முன்னால் எவ்வளவு கெட்டிக்காரரை நிறுத்தினாலும் அது சொற்பொழிவாகிவிடும். இருபதாவது நிமிடம் நெளிய ஆரம்பிப்பார்கள். படித்த பிள்ளைகள் என்றால், "அந்த ஆடு கடைசியில் ஏன் திரும்பி வரல?" என்று அவர்களே மறிப்பார்கள்.

இதற்குச் செலவு குறைவு. நான்கு வாரம் முன்பே அந்தப் புத்தகத்தில் ஐந்து படிகளை இரவலுக்கென்று ஒதுக்குங்கள். அட்டைக்கு உறை போட்டு, ஒரு பிள்ளைக்கு மூன்று நாள் என்று நோட்டில் எழுதிக் கொடுங்கள். ஐந்து படியும் சுற்றினால் நாற்பது பிள்ளைகள் வரை படித்துவிடலாம். மூன்று வாரம் முன்பு கதைநேரத்தில் அதே எழுத்தாளரின் வேறொரு கதையை வாசியுங்கள். இரண்டு வாரம் முன்பு கல்லாப் பக்கத்தில் ஒரு கேள்விப் பெட்டி வையுங்கள். கடைசி வாரம் அதிலிருந்து பத்துப் பன்னிரண்டு கேள்விகளைப் பொறுக்கி எழுத்தாளருக்கு அனுப்புங்கள். அவரும் எந்த வயதுக்கு, எந்த மட்டத்தில் பேசுவது என்று தயாராகி வருவார்.

இரவல் கொடுத்தால் விற்பனை கெடும் என்று பயப்பட வேண்டாம். பிடித்த புத்தகத்தில் கையெழுத்து வாங்க வேண்டும் என்றால் அது சொந்தப் படியாக இருக்க வேண்டும் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும்.

தஞ்சை கதைசொல்லி
இடக் கணக்கு: 300 சதுர அடியில் அலமாரியும் கல்லாவும் 100 அடி எடுத்துக்கொள்ளும். பேசுபவருக்கும் பலகைக்கும் 30 அடி, வாசலுக்குப் போகும் வழிக்கு 20 அடி. மிச்சம் 150. தரையில் உட்காரும் பிள்ளைக்கு ஆறு சதுர அடி வைத்தால் 25 பேர். அதற்கு மேல் பதிவு வாங்காதீர்கள். தம்பி தங்கைகள் எப்படியும் நாலைந்து பேர் கூட வருவார்கள்.

பெற்றோர் திண்ணையில். இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. அம்மா அப்பா பக்கத்தில் உட்கார்ந்தால் கேள்வி கேட்கும்போது காதில் விடை சொல்வார்கள், பிள்ளை வாயே திறக்காது. ஆறு வயதுக்குக் கீழே மட்டும் ஒரு பெரியவர் கூட இருக்கலாம். அந்த வயதுக்கு 15 பிள்ளைக்கு மேல் வேண்டாம்.

நாற்காலி போட்டால் பாதிப் பேருக்குத்தான் இடம். கோரைப்பாயை விட ஜமக்காளம் நல்லது. பாய் சுருண்டு கால் தட்டும், கோரை பிரிந்த இடம் தொடையில் குத்தும். செருப்புக்கு இரண்டு பெரிய பிளாஸ்டிக் தட்டு வைத்து வகுப்புவாரியாக, ஒன்றாம் வகுப்பு முதல் மூன்று வரை ஒன்று, மேலே உள்ளவர்களுக்கு ஒன்று என்று பிரித்துவிடுங்கள். முடிந்ததும் 25 பேர் ஒரே நேரத்தில் செருப்பு தேடினால் கையெழுத்து வரிசையே கலைந்துவிடும்.

மின்விசிறிச் சத்தத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சித்திரை வைகாசியில் நிறுத்தவும் முடியாது. எழுத்தாளர்கள் பலர் மெல்லப் பேசுகிறவர்கள். சட்டையில் குத்தும் சின்ன மைக்கும், தோளில் மாட்டும் அளவு ஸ்பீக்கரும் போதும். ஸ்பீக்கரைப் பேசுபவருக்கு முன்னால், பிள்ளைகளைப் பார்த்து வையுங்கள். பின்னால் வைத்தால் கீச்சென்று கத்தும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். இன்வெர்ட்டர் 850 விஏ, பேட்டரி 150 ஏஎச் இருந்தால் இரண்டு விசிறி, நாலு விளக்கு, ஸ்பீக்கர் மூன்று மணி நேரம் தாராளமாக ஓடும். திண்ணையிலோ தெருவிலோ ஒலிபெருக்கி வைத்தால் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிவிடுங்கள்.

கழிவறை இருக்கிறதா? இல்லையென்றால் பக்கத்துக் கடையிலோ வீட்டிலோ முன்கூட்டியே பேசி வையுங்கள். எழுத்தாளர் பெண்ணாக இருந்தால் அவர் கேட்கும்வரை காத்திருக்காமல் வந்ததுமே சொல்லிவிட வேண்டும்.

குடந்தைத் திண்ணை
கழிவறை கடைக்குப் பின்னால் இருக்கிறது. அழைப்பும் செலவும் எப்படி?

நாகை பதிப்புப் பிரதிநிதி
தோழர், கணக்கை நேராகப் போட்டுப் பார்ப்போம். சென்னையிலிருந்து ஒருவர் வருகிறார் என்று வையுங்கள். ரயில் போக வர 1,500, ஒரு நாள் அறை 1,500, மதிப்பூதியம் 4,000, சாப்பாடு ஆட்டோ 700. மொத்தம் 7,700 ரூபாய். சிறுவர் புத்தகம் ஒன்று 80 ரூபாய், பதிப்பகம் கடைக்குத் தரும் கழிவு 35 சதவீதம் என்றால் உங்கள் கைக்கு 28 ரூபாய். 7,700-ஐ ஈடுகட்ட 275 படி விற்க வேண்டும். 25 பிள்ளைகள் உட்காரும் கடையில் அது நடக்காது. பல கடைகள் ஒரே ஒரு சந்திப்பு நடத்திவிட்டு நிறுத்திக்கொள்வது இதனால்தான்.

ஒரு வருகையை நாலாகப் பிரித்தால் கட்டுப்படியாகும். முதல் நாள் காலை ஒரு பள்ளி, மதியம் ஒரு பள்ளி, மாலை உங்கள் கடை. மறுநாள் காலை மாயவரத்திலோ தஞ்சையிலோ உள்ள கடையோ வாசகர் வட்டமோ. பள்ளிகள் தலா 2,000 கொடுத்து, மறுநாள் ஊர் ஒரு பங்கு ஏற்றால் உங்களுக்கு நிற்பது இரண்டாயிரம் சொச்சம். பள்ளி முன்பதிவு விற்பனையில் அது வந்துவிடும். ஆனால் ஒரு நாளைக்கு மூன்று அமர்வுக்கு மேல் ஒருவரைப் பேச வைக்காதீர்கள். மூன்றாவதில் குரல் போய்விடும், அது உங்கள் கடை அமர்வாகத்தான் இருக்கும்.

அழைப்பில் இவை எழுத்தில் இருக்கட்டும்: தேதி, நேரம், எந்த வயது, எத்தனை பேர், எந்தப் புத்தகம், யார் ரயிலடியில் வந்து கூப்பிடுவார், எங்கே தங்கல், மதிப்பூதியம் எவ்வளவு, எப்போது கொடுப்பீர்கள். தொகையை எழுதாமல் "தங்கள் வருகையால் பெருமைப்படுத்த வேண்டும்" என்று மட்டும் எழுதுவது மரியாதை ஆகாது. எழுத்து அவருக்கு வேலை. 2,000 தான் முடியும் என்றால் 2,000 என்று எழுதுங்கள், அவர் முடிவு செய்யட்டும். பணத்தை அன்றே, கிளம்புவதற்கு முன்னால் கொடுத்துவிடுங்கள்.

ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. ஆகவே பத்து வாரம் முன்பு தேதியை உறுதி செய்து, திறக்கும் நாளிலேயே போட்டுவிடுங்கள். உழவன் விரைவு வண்டி கும்பகோணத்துக்கு விடியுமுன் வரும். அறையை முதல் நாள் இரவிலிருந்தே பிடித்து வையுங்கள். முதல் பள்ளி அமர்வு 10.30க்கு முன்னால் வேண்டாம்.

மாயவரம் வாசகர்
தேதி விஷயத்தில் டெல்டாவுக்கென்று ஒரு பஞ்சாங்கம் இருக்கிறது. என் கணிப்பில் ஆண்டின் சிறந்த காலம் ஆடி மாதம், அதாவது ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை. முகூர்த்தம் இல்லாததால் ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பங்கள் ஊரில் இருக்கும். பெரிய கூட்டத்துக்குக் கல்யாண மண்டபமும் குறைந்த வாடகைக்குக் கிடைக்கும். பள்ளி திறந்து ஒரு மாதம் ஆகியிருக்கும், தேர்வு தூரத்தில் இருக்கும், பெருமழையும் இருக்காது. ஆடி வெள்ளியையும் பதினெட்டாம் பெருக்கையும் மட்டும் விட்டுவிடுங்கள். பெருக்கன்று ஊரே ஆற்றங்கரையில்தான்.

அடுத்து நல்லது பிப்ரவரி. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்காக எழுத்தாளர், பதிப்பாளர் எல்லோரும் அங்கே ஓடிக்கொண்டிருப்பார்கள், யாரும் கிடைக்க மாட்டார்கள். அது முடிந்ததும் புதுப் புத்தகங்களோடு ஓய்வாக இருப்பார்கள். ஆனால் அப்போது சம்பா அறுவடை. கிராமத்துப் பிள்ளைகளை அழைத்துவரப் பெரியவர்களுக்கு நேரம் இருக்காது. அவர்களும் வேண்டுமென்றால் பள்ளி நேரத்தில் வையுங்கள்.

அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை வெளியூர் எழுத்தாளரை அழைக்கவே வேண்டாம். வடகிழக்குப் பருவமழையில் ஆட்சியர் காலை ஆறு மணிக்கு விடுமுறை அறிவிப்பார். எழுத்தாளர் லாட்ஜில் இருப்பார், பள்ளி பூட்டியிருக்கும். நவம்பர் 14 குழந்தைகள் தினமும் அன்று தொடங்கும் தேசிய நூலக வாரமும் இதற்குள்தான் வருகின்றன. அவற்றை உள்ளூர்க்காரர்களை வைத்து நடத்துங்கள். கோடியக்கரைக்குப் பூநாரை வரும் பருவமும் அதுதான். பறவை பார்ப்பவர் ஒருவரை அழைத்து இருநோக்கியோடு உட்கார வைத்தால், பறவைப் புத்தகங்களை எடுத்துக் காட்ட அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை.

நேரம்: ஞாயிறு காலை தஞ்சை, நாகை, வேளாங்கண்ணிப் பக்கம் கிறித்தவக் குடும்பங்கள் ஆலயத்தில் இருக்கும். கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, நாகூர்ப் பிள்ளைகள் வரவேண்டுமானால் வெள்ளி நண்பகலையும் நோன்பு மாத மாலைகளையும் தவிர்க்க வேண்டும். சனி மாலை 4.30 முதல் 6 வரை பெரும்பாலும் எல்லோருக்கும் ஒத்துவரும். ஆறரைக்கு மேல் இழுத்தால் டவுன் பஸ்ஸில் கிராமம் திரும்பும் பிள்ளைகள் பாதியில் எழுந்து போவார்கள். கடைசிப் பேருந்து நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்.

2028ல் மகாமகம். அந்த ஆண்டு மாசியில் குடந்தையில் எந்தத் திட்டமும் வேண்டாம்.

திருவாரூர் ஆசிரியை
பள்ளி அமர்வு பற்றி. அரசுப் பள்ளியில் வெளியாள் பேசுவதற்குத் தலைமையாசிரியரின் வாய்ச் சம்மதம் போதாது. முதன்மைக் கல்வி அலுவலர் அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி கேளுங்கள். மூன்று வாரம் முன்பே விண்ணப்பத்தோடு எழுத்தாளரைப் பற்றிய அரைப் பக்கக் குறிப்பும் பேசப்போகும் புத்தகத்தின் ஒரு படியும் சேர்த்துக் கொடுங்கள். படி இல்லாத விண்ணப்பம் மேசையில் தங்கிவிடும்.

இறைவணக்கக் கூட்டத்தில் 600 பிள்ளைகள் முன்னால் பேச வைக்கலாமா என்று பள்ளி கேட்கும். மறுத்துவிடுங்கள். வெயிலில் நிற்கும் பிள்ளைக்கு எதுவும் ஏறாது. இரண்டு பிரிவு, 70 பிள்ளைகள், ஒரு வகுப்பறை, 45 நிமிடம். வகுப்பாசிரியர் அறைக்குள்ளேயே இருக்க வேண்டும். எழுத்தாளரிடம் வகுப்பை ஒப்படைத்துவிட்டுத் தாள் திருத்தப் போகக் கூடாது என்பதை முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் வழியாக நுழை, நட, ஓடு, பற என்ற நிலைகள் பழக்கம். உங்கள் கடைப் பட்டியலில் எந்தப் புத்தகம் எந்த நிலைக்கு ஒத்துவரும் என்று குறித்துக் கொடுத்தால் ஆசிரியருக்குத் தேர்வு எளிது. ஆங்கிலவழிப் பிள்ளைகள் விஷயம் வேறு. தமிழ் நன்றாகப் பேசுவார்கள், வாசிப்பில் திணறுவார்கள். எழுத்தாளர் "இந்தப் பக்கத்தை யார் படிக்கிறீங்க?" என்று கேட்டு ஒரு பிள்ளையை எழுப்பினால், அது எழுத்துக்கூட்டி நிற்க மற்றவர்கள் சிரிக்க, அந்தப் பிள்ளை தமிழ்ப் புத்தகத்தை அதோடு விட்டுவிடும். எழுத்தாளரே வாசிக்கட்டும். திரும்பத் திரும்ப வரும் வரியை மட்டும் எல்லோரும் சேர்ந்து சொல்லட்டும்.

முன்பதிவுச் சீட்டு இரண்டு வாரம் முன்பு வீட்டுக்குப் போக வேண்டும். புத்தகத்தின் பெயர், விலை, கடைசி நாள், பிள்ளையின் பெயரைத் தமிழில் எழுத ஒரு கட்டம். பணத்தைச் சீட்டோடு உறையில் போட்டு வாங்குங்கள். இல்லையென்றால் வகுப்புத் தலைவன் கையில் சில்லறை சேர்ந்து கணக்குக் குழம்பும். விற்பனை மேசையில் 20 முதல் 60 ரூபாய் வரைக்கும் புத்தகங்கள் கட்டாயம் வேண்டும். 150 ரூபாய்ப் புத்தகம் மட்டும் வைத்தால் பெரும்பாலான பிள்ளைகள் தொட்டுப் பார்த்துவிட்டுப் போக வேண்டியிருக்கும். இன்னொன்று, வாங்க முடியாத பிள்ளைக்கும் கையெழுத்து கிடைக்க வேண்டும். எழுத்தாளர் படம் அச்சிட்ட அஞ்சலட்டை அளவுத் தாள் 100 கொண்டுபோங்கள். அதில் போட்டுக் கொடுக்கட்டும்.

தஞ்சை கதைசொல்லி
கடைசியாகச் சொன்னதை எல்லாப் பள்ளியிலும் செய்ய வேண்டும் அக்கா. புத்தகம் வாங்கியவர்கள் மட்டும் வரிசையில் வரலாம் என்று ஒலிபெருக்கியில் சொல்வது மிகக் கொடுமை.

குடந்தைத் திண்ணை
நுழைவுக் கட்டணம் வைக்கலாமா? இலவசம் என்றால் 40 பேர் பதிவு செய்துவிட்டுப் பத்துப் பேர் வருகிறார்கள் என்கிறார்கள்.

மன்னை நூல்வண்டி
50 ரூபாய் டோக்கன் வையுங்கள். அன்றைக்கு வாங்கும் புத்தகத்தில் அதைக் கழித்துக்கொள்ளலாம். பணம் கட்டியவர்கள் வந்துவிடுவார்கள், எண்ணிக்கை உறுதியாகும், ஐம்பதோடு இன்னும் முப்பது போட்டு ஒரு புத்தகமும் எடுப்பார்கள்.

வேதை உப்புக்காற்று
எனக்கு இதில் உடன்பாடு இல்லை தோழர். அண்ணன் தங்கை இரண்டு பேர் என்றால் 100 ரூபாய். உப்பளத்துக்கும் வயலுக்கும் போகிற வீட்டில் அதைக் கேட்கவே கூச்சப்பட்டுப் பிள்ளையை அனுப்பாமல் இருந்துவிடுவார்கள். வந்து பார்த்துப் பிடித்துப்போன பிறகு வாங்குவது வேறு, வருவதற்கே பணம் என்பது வேறு. வராமல் போகிறவர்களைச் சமாளிக்க வேறு வழி இருக்கிறது. 25 இடத்துக்கு 32 பதிவு வாங்குங்கள். முதல் நாள் மாலை ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்யுங்கள். வாட்ஸ்அப் செய்தி போதாது, குரல் வேண்டும். "நாளைக்கு உங்க பொண்ணு கேட்ட கேள்வியை எழுத்தாளர்கிட்ட கேட்கப்போறோம்" என்று சொல்லிப் பாருங்கள், வராமல் இருக்க மாட்டார்கள்.

இன்னொன்று. மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் 1931லேயே மாட்டுவண்டியில் நூலகம் ஊர் ஊராகப் போயிருக்கிறது. நூலக அறிவியலை வகுத்த ரங்கநாதன் பிறந்தது சீர்காழி. அவருடைய பிறந்தநாளான ஆகஸ்ட் 12தான் தேசிய நூலகர் தினம். இந்த மண்ணில் கடை வைத்துவிட்டுப் பிள்ளைகளை டவுனுக்கு வா என்று மட்டும் சொன்னால் பாதி வேலைதான் ஆகும். ஒரு குட்டியானை வண்டியில் 200 தலைப்பு, ஒரு மடக்கு மேசை, ஒரு ஜமக்காளம் போதும். எழுத்தாளரின் இரண்டாம் நாள் காலையைக் கிராமத்துக்குக் கொடுங்கள். புத்தகத்தைத் தார்ப்பாயால் மட்டும் மூடாதீர்கள், மூடி உள்ள பிளாஸ்டிக் பெட்டியில் அடுக்குங்கள். வயல் சாலைப் புழுதியும் கடலோர ஈரமும் ஆர்ட் தாளைச் சீக்கிரம் ஒட்ட வைத்துவிடும்.

மன்னை நூல்வண்டி
கிராமத்தில் கட்டணம் கூடாது, ஒப்புக்கொள்கிறேன். டவுன் கடைக்கு டோக்கன் வேண்டும் என்பதில் மாற்றமில்லை. போன் செய்ய ஆள் இருக்கிற கடைக்கு உங்கள் வழியும் சரிதான்.

நாகை பதிப்புப் பிரதிநிதி
புத்தகம் எத்தனை என்று யாரும் சொல்லவில்லை. முன்பதிவு எண்ணிக்கையோடு கால் பங்கு கூட்டிக்கொள்ளுங்கள், கடை அமர்வுக்குத் தனியாக 15. அவருடைய பழைய தலைப்புகளில் ஒவ்வொன்றிலும் ஐந்து. எல்லாம் புதுப் புத்தகமாகக் குவிக்காதீர்கள். அதை ஏற்கெனவே வாங்கியவர்கள்தான் பழையதைத் தேடுவார்கள். இதை விற்காததைத் திருப்பும் முறையில் கேளுங்கள். நேரடி விற்பனையில் கழிவு ஐந்து சதவீதம் கூடக் கிடைக்கலாம், ஆனால் 60 படி தங்கிவிட்டால் அந்த ஐந்து சதவீதம் எதற்கும் காணாது. டெலிவரி சலானில் "நிகழ்வுக்காக, 30 நாளில் திருப்பம்" என்று எழுதி வாங்குங்கள். பார்சல் பத்து நாள் முன்பே வந்துசேர வேண்டும். பிரித்து எண்ணி, அட்டை மடங்கியது, பக்கம் மாறியது இருந்தால் அன்றே படம் எடுத்து அனுப்புங்கள்.

தஞ்சை கதைசொல்லி
அன்றைய நிகழ்ச்சி ஓட்டம். வரவேற்புரை, வாழ்த்துரை, பொன்னாடை, நினைவுப் பரிசு, நன்றியுரை எதுவும் வேண்டாம். இவை சேர்ந்தால் 40 நிமிடம் போகும், அதற்குள் பிள்ளைகளின் பொறுமையும் போய்விடும். பொன்னாடை வாங்கும் காசுக்கு ஒரு புத்தகம் வாங்கிப் பள்ளி நூலகத்தில் எழுத்தாளர் கையால் கொடுக்கச் சொல்லுங்கள். படித்த பிள்ளை ஒருத்தி எழுந்து இரண்டு நிமிடம் "இவங்க எழுதின கதையில எனக்குப் பிடிச்சது இது" என்று சொன்னால் அதுவே அறிமுகம்.

7 முதல் 10 வயதுக்கு: வாசிப்பு 10 நிமிடம், அந்தக் கதை எப்படி உண்டானது என்று 10 நிமிடம், கையால் ஏதாவது செய்வது 15, கேள்விகள் 15. மொத்தம் 50 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். 11க்கு மேல் என்றால் 75 வரை போகலாம், செய்முறைக்குப் பதில் கேள்வி நேரத்தைக் கூட்டுங்கள். நான்கு வயதுப் பிள்ளையையும் பன்னிரண்டு வயதையும் ஒரே அமர்வில் உட்கார வைத்தால் இருவருக்கும் பயனில்லை. அழைப்பிதழில் வயதைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

எழுத்தாளரிடம் முதல் பிரதியின் அடித்தல் திருத்தல் உள்ள தாளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஓவியர் என்றால் பென்சில் வரைவுகள். பெரியவர்களும் அழித்து எழுதுகிறார்கள் என்று கண்ணால் பார்ப்பது பிள்ளைகளுக்குப் பெரிய விஷயம். ஓவியர் வரைந்து காட்டுவதற்கு சார்ட் தாளும் தடித்த மார்க்கரும் போதும். மேசையில் வரைந்தால் முன்வரிசை மட்டும்தான் பார்க்கும்.

படக்கதை வாசிக்கும்போது புத்தகத்தைத் தோளுக்குப் பக்கவாட்டில், பக்கங்கள் பிள்ளைகளைப் பார்க்கும்படி பிடிக்க வேண்டும். 20 பேருக்கு மேல் என்றால் பின்வரிசைக்குப் படம் தெரியாது. பதிப்பாளரிடம் கேட்டு நாலைந்து படத்தை ஏ3 அளவில் அச்சிட்டு வையுங்கள். கேட்காமல் நகலெடுப்பதும், முழுக் கதை வாசிப்பைப் பதிவு செய்து யூடியூபில் போடுவதும் காப்புரிமை மீறல். இரண்டு நிமிடத் துண்டுக்கும் அனுமதி வாங்குங்கள்.

மாயவரம் வாசகர்
கையெழுத்து வரிசைக்கு ஒரு சொல். ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடம். சின்னப் படமும் வரைந்தால் இரண்டு. 25 பேருக்கு 50 நிமிடம் ஆகும், அதை நேரத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். பெயரை முன்பே சீட்டில் எழுதித் தலைப்புப் பக்கத்தில் செருகி வையுங்கள். தர்ஷினி, தர்சினி, தர்ஷிணி எல்லாமே இருக்கிறார்கள். காதால் கேட்டு எழுதினால் தப்பு வரும், மையில் எழுதியதை அழிக்க முடியாது. வழவழப்பான ஆர்ட் தாளில் ஜெல் பேனா காயாது, புத்தகத்தை மூடியதும் எதிர்ப்பக்கத்தில் ஒட்டும். பால்பாயிண்ட்டோ மெல்லிய நிரந்தர மார்க்கரோ வையுங்கள், ஒரே மாதிரி நான்கு.

நூலக அத்தை, பட்டுக்கோட்டை
யாரும் தொடாத ஒன்றை நான் சொல்லியாக வேண்டும். வரும் எழுத்தாளர் எவ்வளவு புகழ் பெற்றவராக இருந்தாலும், எந்தப் பிள்ளையும் அவரோடு தனியாக இருக்கக் கூடாது. காரில் அழைத்துவரப் பிள்ளையை அனுப்புவது, லாட்ஜுக்குப் புத்தகம் கொடுத்துவிடச் சொல்வது, இரண்டும் கூடாது. கடை ஆள் ஒருவர் அமர்வு முழுதும் அறைக்குள் இருக்க வேண்டும். கல்லாவில் வேறொருவர். மடியில் உட்கார வைப்பது, கன்னத்தைக் கிள்ளுவது வேண்டாம் என்பதை அழைப்புக் கடிதத்திலேயே "எங்கள் கடை வழக்கம்" என்று ஒரு வரியாக எழுதிவிடுங்கள். யாரும் தவறாக எடுக்க மாட்டார்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐச் சுவரில் பிள்ளைகள் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் ஒட்டுங்கள்.

படம்: பதிவுச் சீட்டில் "படம் எடுக்கலாம், வெளியிடலாம்" என்று பெற்றோர் கையெழுத்து. சம்மதிக்காத வீட்டுப் பிள்ளைக்கு மஞ்சள் பட்டை கட்டிவிட்டால் படம் எடுப்பவருக்குத் தெரியும். முகநூலில் பள்ளிச் சீருடை, பெயர் இரண்டும் சேர்ந்து தெரியும் படத்தைப் போடாதீர்கள். யார் அழைத்துப்போகிறார் என்ற பெயரும் சீட்டில் வேண்டும். கூட்டம் கலையும் பத்து நிமிடம்தான் மிகக் கவனம் தேவைப்படும் நேரம். வாசலில் ஒருவர் சீட்டைப் பார்த்து அனுப்பட்டும்.

குடந்தைத் திண்ணை
அத்தை சொன்னதை அப்படியே விதியாக வைத்துக்கொள்கிறேன். எழுத்தாளர் வராத வாரங்களில் கதைநேரத்தோடு என்ன சேர்க்கலாம்? குறைந்த செலவில்.

திருவாரூர் ஆசிரியை
ஒற்றை ஏ4 தாளில் எட்டுப் பக்கப் புத்தகம். பசை, ஊசி எதுவும் வேண்டாம். தாளை மூன்று முறை பாதியாக மடித்துப் பிரித்தால் எட்டுக் கட்டம் விழும். பிறகு குறுகிய ஓரங்கள் இரண்டும் சேரும்படி ஒரு முறை மடியுங்கள். மடிந்த பக்கத்திலிருந்து நடுக்கோட்டில் ஒரு கட்டம் மட்டும் கத்தரிக்க வேண்டும். பிரித்தால் தாளின் நடுவில் ஒரு பிளவு இருக்கும். இப்போது நீளவாக்கில் மடித்து இரண்டு முனையையும் உள்நோக்கித் தள்ளினால் பிளவு விரிந்து கூட்டல் குறி போல வரும். சுற்றி மடித்தால் புத்தகம். திறந்த பக்கத்திலிருந்து வெட்டினால் தாள் இரண்டு கையாகப் பிரிந்துவிடும், பிள்ளைகள் செய்யும் தப்பு பெரும்பாலும் இதுதான். பக்க எண்ணை மடித்து முடித்த பிறகே போடச் சொல்லுங்கள். விரித்த தாளில் சில பக்கம் தலைகீழாக இருக்கும். மடிப்பை நகத்தால் நன்றாகத் தேய்க்க வேண்டும். ஏழு வயதுக்குக் கீழே என்றால் நீங்களே வெட்டி வைத்துக் கொடுங்கள்.

எழுதி முடித்த புத்தகங்களை ஒரு அலமாரித் தட்டில் வைத்து மற்றப் பிள்ளைகள் படிக்க விடுங்கள். அடுத்த எழுத்தாளர் வரும்போது அந்தத் தட்டை முதலில் காட்டுங்கள்.

வேதை உப்புக்காற்று
அச்சு வாரம் ஒன்று வையுங்கள். தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1710களிலேயே தமிழில் அச்சடித்தார். இங்கிருந்து கூப்பிடு தூரம், பிள்ளைகளுக்கு அது தெரிய வேண்டும். உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி ஈரத்தைத் துணியால் ஒற்றியெடுத்து, எழுத்தைத் தாளில் எழுதித் திருப்பிப் பிடித்துப் பார்த்து அதன்படி செதுக்க வேண்டும். ப என்றால் எப்படிச் செதுக்கினாலும் சரியாக விழும், ம, ட, க எல்லாம் திருப்பாமல் செதுக்கினால் கண்ணாடியில் பார்த்த மாதிரி விழும். முதலில் அப்படித் தப்பாக விழட்டும், பிறகு காரணம் கேளுங்கள். செதுக்குவது பெரியவர் வேலை, ஒற்றுவது பிள்ளைகள் வேலை. போஸ்டர் கலரைத் தண்ணீர் விடாமல் பஞ்சில் ஊறவைத்து ஒற்றுங்கள். நீர்த்தால் எழுத்தின் குழி நிரம்பிவிடும்.

நாகை பதிப்புப் பிரதிநிதி
நிகழ்வு முடிந்த பின் வேலை இரண்டு. மூன்று நாளுக்குள் எழுத்தாளருக்கும் பள்ளிகளுக்கும் பிள்ளைகள் எழுதிய நாலைந்து கடிதம் போக வேண்டும். அதற்குப் பிறகு எழுதினால் பிள்ளைகளுக்குச் சூடு ஆறியிருக்கும். எழுத்தாளரிடம் மீதிப் படிகளில் பத்தில் பெயர் இல்லாமல் வெறும் கையெழுத்து வாங்கி வையுங்கள். உடம்பு சரியில்லாமல் வரமுடியாத பிள்ளைகள் அடுத்த வாரம் வந்து கேட்பார்கள். கையெழுத்துப் போட்ட படியைத் திருப்ப முடியாது, பத்துக்கு மேல் வேண்டாம். மற்றவற்றைப் பிள்ளைகள் புரட்டி அழுக்காக்குவதற்கு முன் எண்ணி, வந்த அட்டைப்பெட்டியிலேயே மூலைக்குத் தாள் கொடுத்துக் கட்டி, சலான் நகலோடு அனுப்பிவிடுங்கள். விற்றதற்கான பணத்தை அதே 30 நாளுக்குள் கட்டிவிட்டால் அடுத்த முறை திருப்பும் முறையில் கேட்க நீங்கள் கெஞ்ச வேண்டியதில்லை.

குடந்தைத் திண்ணை
முதல் சந்திப்பை ஆடி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் வைக்கிறேன். 25 இடம், 7 முதல் 10 வயது, மாலை 4.30. மறுநாள் காலையைப் பகிர்ந்துகொள்ள மாயவரத்திலோ தஞ்சையிலோ விருப்பம் உள்ள கடையோ வாசகர் வட்டமோ இருந்தால் இங்கேயே எழுதுங்கள். பயணச்சீட்டு எடுக்கும் முன் முடிவு செய்ய வேண்டும்.

மாயவரம் வாசகர்
மாயவரம் வாசகர் வட்டம் தயார். இடம் எங்கள் பொறுப்பு, மதிப்பூதியத்தில் மூன்றில் ஒரு பங்கும் தருகிறோம். எந்தப் புத்தகம் என்று சொன்னால் இரவலுக்கு ஐந்து படி இப்போதே வாங்கிச் சுற்ற விட்டுவிடலாம்.